டெட்பூல் நம்மிடம் பேசினால் அது மீபுனைவு ஆகிவிடுமா?

சூப்பர் ஹீரோ காமிக்ஸ் பற்றிப் பேசும்போது ‘நான்காவது சுவரை உடைப்பது’, ‘மீபுனைவு’ என்ற இரண்டையும் ஒரே பொருளில் பயன்படுத்தும் வழக்கம் வேரூன்றிவிட்டது. ஒரு பாத்திரம் வாசகரை நேராகப் பார்த்து ஒரு வரி பேசினால் போதும், இரண்டு சொற்களும் சேர்ந்தே வந்து விழுகின்றன. பார்வையாளரிடம் நேராகப் பேசும் டெட்பூல் என்ற காமிக்ஸ் நாயகனின் திரைப்படம் 2016இல் வெளியான பிறகு இந்தக் குழப்பம் இன்னும் கெட்டிப்பட்டது. டெட்பூல்தான் இதைக் கண்டுபிடித்தவர் என்று நம்புகிறவர்கள் உண்டு. இது வெறும் சிரிப்பு மூட்டும் உத்தி என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு.

இரண்டுமே தவறு. அந்தத் தவறால் இழப்பும் இருக்கிறது. காமிக்ஸ் வடிவத்தில் எழுதப்பட்ட கதைகளில் மனத்தை மிகவும் கலங்கடிப்பவை சில இந்த வகையைச் சேர்ந்தவை. கேலிக் கதை என்ற முத்திரை விழுந்து அவை கவனிக்கப்படாமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஆகவே அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன். காமிக்ஸ் படித்துப் பழக்கமில்லாதவரும் பின்தொடரலாம்.

## நரி யாரைத் திரும்பிப் பார்க்கிறது?

தூங்கப்போகும் குழந்தைக்குப் பாட்டி ஒரு நரிக் கதை சொல்கிறார். நடுவில் நிறுத்தி, “தூங்கிவிட்டாயா?” என்று கேட்கிறார். கதை ஒரு கணம் நின்றது, அவ்வளவுதான். நரிக்கு எதுவும் தெரியாது. அது பாட்டுக்குக் காட்டில் திரிந்துகொண்டிருக்கிறது.

மறுநாள் பாட்டி நரியின் குரலிலேயே குழந்தையைப் பார்த்து, “நான் ஒளிந்திருக்கும் இடத்தைச் சிங்கத்திடம் சொல்லிவிடாதே” என்கிறார். இப்போது நிலைமை வேறு. கதைக்கு வெளியே ஒரு குழந்தை உட்கார்ந்திருப்பது நரிக்குத் தெரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் நரி குழந்தையின் பக்கம் திரும்பவில்லை, பாட்டியின் பக்கம் திரும்புகிறது. “நேற்றும் என்னைக் கிணற்றில் விழவைத்தீர்கள். முந்தாநாளும் அப்படித்தான். நாளைக்கும் விழுவேன். இந்தக் குழந்தை சிரிப்பதற்காகத்தானா?” என்று கேட்கிறது. பாட்டி பதில் சொல்லியாக வேண்டும். சொல்லத் தொடங்கினால், அன்றைய கதை நரியைப் பற்றியதாக இருக்காது. கதை சொல்வதைப் பற்றியதாக மாறிவிடும்.

முதல் நாள் நடந்தது கதைசொல்லியின் இடைப்பேச்சு. இரண்டாம் நாள் நடந்தது நான்காவது சுவரை உடைப்பது. மூன்றாம் நாள் நடந்ததுதான் மீபுனைவு. இந்தக் கட்டுரை முழுவதற்கும் இந்த மூன்று நாட்கள் போதும்.

## சுவரும் மீபுனைவும்

‘நான்காவது சுவர்’ நாடக மேடையிலிருந்து வந்தது. மேடையின் பின்புறமும் இரு பக்கங்களும் மூடியிருக்கின்றன. பார்வையாளர்கள் இருக்கும் பக்கம் மட்டும் திறந்திருக்கிறது. அங்கேயும் ஒரு பெரிய சுவர் இருப்பதாக எண்ணிக்கொண்டு நடியுங்கள் என்று 1758இல் பிரெஞ்சு எழுத்தாளர் திதரோ நடிகர்களுக்கு எழுதினார். அந்தக் கற்பனைச் சுவர்தான் நான்காவது. பாத்திரம் நம்மைக் கண்டுகொள்ளாதவரை சுவர் நிற்கிறது. கண்டுகொண்டுவிட்டால் உடைகிறது.

மீபுனைவு அதைவிட அகலமானது. தான் ஒரு புனைவு என்பதை ஒரு கதை அறிந்திருக்கிறது. யாரால், எப்படி, எதற்காகத் தான் சொல்லப்படுகிறோம் என்பதையே தன் பொருளாகவும் எடுத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட கதைதான் மீபுனைவு. 1970இல் அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் காஸ் பயன்படுத்திய பிறகு இந்தக் கலைச்சொல் நிலைபெற்றது. இத்தகைய கதைகள் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே இருக்கின்றன.

சுவரை உடைப்பது ஒரு செயல். ஒரு கட்டத்தில் நடந்து முடிந்துவிடலாம். மீபுனைவு ஒரு விசாரணை. அதற்குச் சுவர் உடைந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. 1986இல் பிரிட்டிஷ் எழுத்தாளர் ஆலன் மூர் சூப்பர்மேனுக்கு ஒரு ‘கடைசிக் கதை’ எழுதினார். அதற்கு முன்பு பல ஆண்டுகளாக, சூப்பர்மேன் இதழ்களை வெளியிடும் டிசி நிறுவனம், சூப்பர்மேனின் வழக்கமான வாழ்க்கையில் சேராத கதைகளுக்குக் ‘கற்பனைக் கதை’ என்று தனிப் பெயர் கொடுத்து வெளியிட்டுக்கொண்டிருந்தது. சூப்பர்மேன் கல்யாணம் செய்துகொண்டால் கற்பனை, இறந்துபோனால் கற்பனை. மூரின் கதையும் இது கற்பனைக் கதை என்ற அறிவிப்போடுதான் தொடங்குகிறது. ஆனால் கதைகள் எல்லாமே கற்பனைதானே என்ற கேள்வியை உடனே பக்கத்தில் வைத்துவிடுகிறது. இதற்குச் சூப்பர்மேன் நம்மிடம் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு கேள்வியிலேயே எது ‘நிஜமான’ சூப்பர்மேன் கதை என்ற வாசகரின் பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டுவிடுகிறது.

இதுவரை பார்த்தது: பாத்திரம் நம்மைக் கண்டுகொள்வது சுவர் உடைப்பு. கதை தன்னையே கேள்விக்குள்ளாக்குவது மீபுனைவு. ஒன்று இல்லாமல் மற்றொன்று இருக்கலாம்.

## காகிதத்தில் சுவர் எங்கே இருக்கிறது?

மேடையில் உயிருள்ள நடிகர் இருக்கிறார். அவர் நம்மைப் பார்த்தால் உண்மையாகவே பார்க்கிறார். காமிக்ஸில் பார்ப்பவர் யாரும் இல்லை. மையால் வரைந்த இரண்டு கண்கள் நம் திசையில் இருக்கின்றன, அவ்வளவுதான். ஆகவே காமிக்ஸ் தனக்கென்று வேறு வகைச் சுவர்களைத் தேடிக்கொண்டது.

அதற்கு ஒரு பக்கத்தின் உறுப்புகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு படத்தையும் சுற்றிக் கோடு போட்டிருப்பது ‘கட்டம்’. இரண்டு கட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளைப் பகுதி ‘இடைவெளி’. பாத்திரத்தின் வாயிலிருந்து கிளம்புவது ‘பேச்சுக் குமிழி’. கதைசொல்லியின் சொற்களோ பாத்திரத்தின் மனக்குரலோ இருக்கும் செவ்வகம் ‘விவரணைப் பெட்டி’.

இவற்றில் இடைவெளிதான் எனக்கு மிகவும் பிடித்தது. முதல் கட்டத்தில் ஒருவன் கையை ஓங்குகிறான். அடுத்த கட்டத்தில் இன்னொருவன் தரையில் கிடக்கிறான். அடி விழுந்த கணம் எங்குமே வரையப்படவில்லை. அதை நிகழ்த்துவது வாசகரின் மனம். 1993இல் ஸ்காட் மெக்லவுட் காமிக்ஸ் எப்படி இயங்குகிறது என்பதைக் காமிக்ஸ் வடிவிலேயே எழுதி விளக்கிய நூலில் இதை மையமாக வைத்தார். யோசித்துப் பாருங்கள், இந்த வடிவத்தில் வாசகர் முதலிலிருந்தே கதைக்குள் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார். காமிக்ஸ் பாத்திரம் திரும்பி நம்மைக் குற்றம்சாட்டினால் அதில் நியாயம் இருப்பதற்கு இதுவே காரணம்.

காலமும் இங்கே வேறு மாதிரி இருக்கிறது. ஒரு பக்கத்தைத் திறந்தால் நாயகனின் இறந்தகாலம் மேலே, எதிர்காலம் கீழே, எல்லாம் ஒரே நேரத்தில் நம் கண்முன் விரிந்து கிடக்கின்றன. அவனுக்கு இன்னும் நடக்காத ஒன்றை நாம் ஓரக்கண்ணால் பார்த்துவிடுகிறோம். வேண்டுமானால் பின்னோக்கிப் புரட்டி இறந்தவனை உயிரோடு பார்க்கலாம்.

இந்த உறுப்புகளோடு விளையாடுவது சூப்பர் ஹீரோக்கள் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1905இல் வின்சர் மெக்கே வரைந்த செய்தித்தாள் சித்திரத் தொடர் ஒன்றில், தும்மலுக்குப் பேர்போன சிறுவன் சாமி தும்முகிற வேகத்தில் அவனைச் சுற்றியிருக்கும் கட்டத்தின் கோடுகளே நொறுங்கி அவன் மேல் விழுகின்றன. சாமி நம்மிடம் எதுவும் பேசவில்லை. ஆனால் அந்தக் கோடு வெறும் கோடுதான் என்பது அம்பலமாகிவிடுகிறது.

## சூப்பர் ஹீரோக்களின் விசித்திர விதிகள்

எந்தக் கதையும் தன்னைப் பற்றிப் பேசலாம். சூப்பர் ஹீரோ காமிக்ஸில் மட்டும் இது இவ்வளவு செழித்ததற்குக் காரணம், அந்தக் கதைகளுக்கு வெளியிலிருந்து விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் மிக அதிகம் என்பதுதான்.

சூப்பர்மேன் 1938இல் வந்தார், பேட்மேன் 1939இல். அவர்களை முதலில் படைத்தவர்கள் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பாத்திரங்களுக்கு வயதாகவில்லை. ஆக விடவும் மாட்டார்கள். அவர்கள் நிறுவனத்தின் சொத்து. அடுத்த மாதமும் இதழ் வெளிவர வேண்டும். எனவே எந்த வெற்றியும் முடிவானதாக இருக்க முடியாது, எந்த மரணமும் நிலைக்காது. 1962இலேயே இத்தாலிய எழுத்தாளர் உம்பெர்த்தோ எக்கோ இதைக் கவனித்து எழுதினார். செயல் புரியும் ஒவ்வொரு மனிதனும் மரணத்தை நோக்கி ஓரடி வைக்கிறான். சூப்பர்மேனுக்கு அது அனுமதிக்கப்படவில்லை. ஆகவே அவர் கதைகளில் காலம் கலங்கலாக வைக்கப்பட்டிருக்கிறது என்றார்.

இதன் மேல் ‘தொடர்ச்சி’ என்ற விதி வேறு. ஒரு நிறுவனத்தின் எல்லா நாயகர்களும் ஒரே உலகில் வாழ்கிறார்கள், ஒரு இதழில் நடந்தது மற்ற எல்லா இதழ்களிலும் நடந்ததாகக் கணக்கு என்பதே தொடர்ச்சி. பல பத்தாண்டுகள், பல நூறு எழுத்தாளர்கள். முரண்பாடுகள் குவியக் குவிய, நிறுவனம் அவ்வப்போது உலகத்தையே அழித்துத் திருத்தி எழுதுகிறது. 1985இல் டிசி தன் கதைகள் நடந்த பல இணை பூமிகளை ஒரே பூமியாகச் சுருக்கியது இதற்குப் பெரிய உதாரணம். நேற்றுவரை இருந்த பாத்திரங்கள் இன்று இருந்ததே இல்லை என்றானது.

வாசகரின் கையும் இதில் இருக்கிறது. 1988இல் பேட்மேனின் உதவியாளன் ராபின், அதாவது அப்போது அந்த வேடத்தில் இருந்த ஜேசன் டாட், பிழைக்க வேண்டுமா சாக வேண்டுமா என்று தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தினார்கள். சாக வேண்டும் என்று 5,343 அழைப்புகள் வந்தன, பிழைக்க வேண்டும் என்று 5,271. வித்தியாசம் 72. ஜேசன் இறந்தான். இது மீபுனைவு அல்ல. கதைக்குள் அவனுக்கு இதைப் பற்றி எதுவும் தெரியாது, கதையும் அதைப் பேசவில்லை. ஆனால் அவனுக்குத் தெரிந்திருந்தால் என்ன கேட்டிருப்பான்? அந்தக் கேள்வியைப் பாத்திரத்தின் வாயில் வைக்கும் துணிச்சல்தான் நல்ல சூப்பர் ஹீரோ மீபுனைவு.

சுருங்கச் சொன்னால், வயதாகாமை, சாக முடியாமை, அழித்து எழுதப்படுதல், விற்பனைக்காக வதைபடுதல் ஆகியவை இந்த நாயகர்களின் உண்மையான விதிகள். வழக்கமான கதை அவற்றை மறைக்கிறது, மீபுனைவு அவற்றையே கதையாக்குகிறது.

## படைப்பாளிகள் உள்ளே நுழைந்த காலம்

தொடக்கம் விளையாட்டாகத்தான் இருந்தது. 1961இல் வந்த ஃபிளாஷ் 123ஆம் இதழில், புதிய ஃபிளாஷான பேரி ஆலன் வேறொரு பூமிக்குப் போய் 1940களின் பழைய ஃபிளாஷான ஜே கேரிக்கைச் சந்திக்கிறார். பேரியைப் பொறுத்தவரை ஜே ஒரு காமிக்ஸ் பாத்திரம், சிறுவயதில் படித்த நாயகன். இது எப்படிச் சாத்தியம்? ஜேயின் கதைகளை எழுதிய கார்ட்னர் ஃபாக்ஸின் மனம் தூக்கத்தில் அந்த மற்றொரு பூமியைத் தொட்டிருக்க வேண்டும் என்று பேரி விளக்குகிறார். அந்த 123ஆம் இதழை எழுதியவரும் அதே கார்ட்னர் ஃபாக்ஸ்தான். 1968இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தான் வெறும் காமிக்ஸ் பாத்திரமாக இருக்கும் பூமியில் சிக்கிக்கொண்ட ஃபிளாஷ், தன் இதழின் ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸின் உதவியை நாடுகிறார்.

டிசியின் போட்டி நிறுவனமான மார்வெலில், ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற நாயகர் குழுவின் 10ஆம் இதழில் வில்லன் டாக்டர் டூம், அந்தக் குழுவைப் படைத்த ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் வேலை செய்யும் அறைக்குள் நுழைந்து அவர்களை மிரட்டுகிறான். தன் எதிரியைத் தொலைபேசியில் அழைத்துப் பொறியில் சிக்கவைக்க அவர்களையே பயன்படுத்துகிறான். 1965இல் அதே குழுவைச் சேர்ந்த இருவரின் திருமணத்துக்கு வந்த லீயும் கிர்பியும் உள்ளே விடப்படாமல் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். படைத்தவருக்கே அழைப்பு இல்லை! வாசகருக்கும் படைப்பாளிக்கும் இடையே இருந்த தோழமையைக் கூட்டுவதே இவற்றின் நோக்கம். நாயகர்கள் தங்கள் நிலைமையை நினைத்துக் கலங்குவதில்லை. கதை தன்னைச் சுட்டுகிறது, ஆனால் விசாரிக்கவில்லை.

1982இல் டிசியில் கீத் கிஃபன் படைத்த ஆம்புஷ் பக், தான் காமிக்ஸில் இருப்பதை அறிந்த கோமாளி. 1989இல் மார்வெலில் ஜான் பைர்ன் எழுதி வரைந்த ஷீ-ஹல்க் இன்னும் நுட்பமானவள். முதல் இதழின் அட்டையிலேயே, இந்த இதழை வாங்காவிட்டால் வீட்டுக்கு வந்து உங்கள் எக்ஸ்-மென் இதழ்களைக் கிழித்துவிடுவேன் என்று மிரட்டுகிறாள். உள்ளே பைர்னோடு சண்டை போடுகிறாள். ஒருமுறை பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, இடையில் இருக்கும் விளம்பரப் பக்கத்தைத் தாண்டி, கதையின் வேறொரு பக்கத்துக்குள் நுழைகிறாள்.

அந்தத் தொடரில் லூயிஸ் மேசன் என்ற துணைப்பாத்திரம் வருகிறார். 1940களில் ‘பிளாண்ட் ஃபேன்டம்’ என்ற நாயகியாக இருந்தவர். தன் காமிக்ஸ் நின்றுபோன பிறகு தனக்கு மட்டும் வயதாகிக்கொண்டே போவதைக் கவனிக்கிறார். இதழ் வெளிவருகிறவர்களோ இளமையாகவே இருக்கிறார்கள். எனவே மறுபடியும் ஒரு காமிக்ஸில் இடம்பிடித்தால் முதுமை நிற்கும் என்று கணக்குப் போட்டு ஷீ-ஹல்க் கதைக்குள் வந்து சேர்கிறார். சிரித்துக்கொண்டே படிக்கலாம். ஆனாலும் மறக்கப்பட்டவர்களுக்கு மட்டும் வயதாகிறது என்பது சாதாரணச் செய்தி இல்லை. விளையாட்டிலிருந்து விசாரணைக்குத் திரும்பும் திருப்பம் எனக்கு இந்தப் பெண்ணிடம்தான் தெரிகிறது.

## அனிமல் மேன்: நரி பாட்டியிடம் கேட்ட கேள்வி

1988இல் ஸ்காட்லாந்து எழுத்தாளர் கிராண்ட் மாரிசனிடம் டிசி ஒரு கைவிடப்பட்ட பாத்திரத்தைக் கொடுத்தது. அனிமல் மேன், வேடமில்லாதபோது அவர் பெயர் ‘படி’ (Buddy) பேக்கர். 1965இல் அறிமுகமாகி, கிட்டத்தட்ட எல்லோராலும் மறக்கப்பட்டவர். அருகிலுள்ள விலங்குகளின் ஆற்றலைக் கடன் வாங்கிக்கொள்வது அவர் சக்தி. மனைவி எலன், இரண்டு பிள்ளைகள், புறநகர் வீடு என்ற சாதாரண வாழ்க்கை. மாரிசன் எழுதிய 26 இதழ்களுக்குச் சாஸ் ட்ரூக் பெரும்பகுதியை வரைந்தார், பிரையன் பாலண்ட் அட்டைகளை வரைந்தார்.

ஐந்தாம் இதழ் ஒரு தனிக் கதை. கேலிச்சித்திர உலகத்து ஓநாய் போன்ற பிராணி ஒன்று. அதன் பெயர் கிராஃப்டி. அதன் உலகில் விலங்குகள் ஒன்றையொன்று நசுக்குகின்றன, வெடிவைத்துத் தகர்க்கின்றன. செத்தவை உடனே எழுந்து மறுபடியும் அடிபடுகின்றன. இது எப்போதும் நடந்துகொண்டே இருக்கிறது. கிராஃப்டி மட்டும் தன் படைப்பாளியிடம் போய் இதை நிறுத்தும்படி கேட்கிறது. அப்படியானால் நீ மேலுலகுக்குப் போய் எல்லோருக்காகவும் துன்பப்படு என்று விதிக்கப்படுகிறது. மேலுலகம் என்பது அனிமல் மேனின் உலகம். அங்கே அது லாரியில் அடிபடுகிறது, சுடப்படுகிறது, ஒவ்வொரு முறையும் உடல் மறுபடி கூடுகிறது. நாம் சிறுவயதில் சிரித்த அதே விதிதான், ஆனால் இங்கே எலும்பு நொறுங்கும் வலியோடு.

தன் கதையை எழுதிய தாளைக் கிராஃப்டி அனிமல் மேனிடம் நீட்டுகிறது. அவரால் அதை வாசிக்க முடியவில்லை. நாம் வாசித்துவிட்டோம், அவரால் முடியவில்லை. அவரும் அதே சிறைக்குள் இருப்பவர் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். குறுக்குச் சாலையில் கிராஃப்டி இறந்து கிடக்க, பார்வை மேலே மேலே போகிறது. சட்டகத்துக்கு வெளியிலிருந்து ஒரு பெரிய கை வந்து, தூரிகையால் அதன் இரத்தத்துக்குச் சிவப்பு பூசுகிறது.

இங்கே யாரும் வாசகரிடம் பேசவில்லை. ஒரு நகைச்சுவை வரிகூட இல்லை. மீபுனைவு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் நீட்டுவது இந்தக் கதையைத்தான்.

சுவர் உடைவது 19ஆம் இதழில். பாலைவனப் பாறை மேட்டில், மயக்கம் தரும் மூலிகையின் பிடியில், படி திரும்பி நம்மைப் பார்க்கிறார். உங்களைப் பார்க்க முடிகிறது என்று கத்துகிறார். அவர் முகத்தில் இருப்பது திகில். பிறகு வீடு திரும்பும்போது அவர் குடும்பமே கொலைசெய்யப்பட்டுக் கிடக்கிறது. அதற்குப் பின்னான இதழ்களில் அவர் பழிவாங்குகிறார், காலத்தைத் திருப்ப முயன்று தோற்கிறார், வெளியீடு நின்றுபோன பாத்திரங்கள் சும்மா உலவிக்கொண்டிருக்கும் ஒரு வெறுமையான உலகைக் கடக்கிறார். 1990இல் வந்த 26ஆம் இதழில், தன்னை எழுதுகிற கிராண்ட் மாரிசனின் முன் வந்து நிற்கிறார்.

இருவரும் பேசுகிறார்கள். படியின் கொள்கைகள் எல்லாம் மாரிசனுடையவை. படி சைவ உணவுக்கு மாறியது மாரிசன் மாறியதால். நடுவில் வாசகருக்குச் சலிப்புத் தட்டக் கூடாது என்று மாரிசன் இரண்டு வில்லன்களை வரவழைத்து அவரோடு மோதவும் விடுகிறார். குடும்பத்தை ஏன் கொன்றீர்கள் என்ற கேள்விக்கு வரும் பதில்தான் இந்தத் தொடரின் இதயம். துன்பம் கதையைச் சுவையாக்குகிறது. அந்த ஆண்டுகளில் சூப்பர் ஹீரோ கதைகள் வேகமாக இருண்டுகொண்டிருந்தன. வன்முறை கூடினால் யதார்த்தம் கூடும், முதிர்ச்சி கூடும் என்று எழுத்தாளர்கள் நம்பினார்கள். மாரிசன் தன் பாத்திரத்தின் முன்னிலையிலேயே அந்த நம்பிக்கையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். இறந்துபோன தன் பூனையைப் பற்றிப் பேசுகிறார். அந்தத் துக்கத்தைக்கூடக் கதைக்குத் தீனியாக்கிக்கொண்டதை ஒப்புக்கொள்கிறார். கடைசியில் குடும்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறார். கதை விதிப்படி அது சாத்தியமில்லை. ஆனாலும் எழுதுகிறவருக்கு அன்பாக நடந்துகொள்ளும் அதிகாரமும் இருக்கிறது.

பாட்டியிடம் நரி கேட்ட அதே கேள்விதான் இது. பாட்டி ஒளிந்துகொள்ளாமல் உட்கார்ந்து பதில் சொல்கிறார் என்பதே இதன் பெருமை.

## டெட்பூலுக்கு உரிய இடம்

டெட்பூல் 1991இல் மார்வெலின் நியூ மியூட்டன்ட்ஸ் 98ஆம் இதழில் அறிமுகமானார். ராப் லீஃபெல்டும் ஃபேபியன் நிசீயாவும் படைத்த அந்த டெட்பூல் வாயாடியான கூலிக் கொலையாளி, அவ்வளவுதான். நம்மைக் கண்டுகொள்ளும் பழக்கம் அப்போது இல்லை. 1990களின் பிற்பகுதியில், ஜோ கெல்லியும் அவருக்குப் பின் கிறிஸ்டோபர் பிரீஸ்டும் எழுதிய இதழ்களில்தான் அது வளர்ந்தது. ஷீ-ஹல்க்கும் ஆம்புஷ் பக்கும் அதற்குள் வந்து போய்விட்டார்கள்.

இதனால் டெட்பூலைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. அவரிடம் ஒரு தனி அமைப்பு இருக்கிறது. அவர் உலகத்தவர் அனைவரும் அவரைப் பைத்தியம் என்று நினைக்கிறார்கள். அவர் இதழ் எண்ணைப் பற்றியோ எழுத்தாளரைப் பற்றியோ பேசினால் உளறுகிறார் என்று கடந்துபோகிறார்கள். உண்மை தெரிந்த ஒரே ஆள் அவர், அதனாலேயே அவர் சொல் எடுபடாது. இதை ஆழமாகக் கையாளும் எழுத்தாளர் கையில் டெட்பூல் மிகத் தனிமையான மனிதராகிறார். வெறும் வரி வரியான கேலியாக மட்டும் கையாண்டால் அது நரிக் கதையின் இரண்டாம் நாளிலேயே நின்றுவிடுகிறது. என் கணிப்பில் டெட்பூல் கதைகளில் பெரும்பாலானவை அங்கேதான் நிற்கின்றன.

## எவை இந்தக் கணக்கில் சேராது

நாயகன் தன் மனக்குரலில் கதை சொன்னால் அது சுவர் உடைப்பு அல்ல. விவரணைப் பெட்டியில் ஸ்பைடர்மேன் புலம்பும்போது அவர் நம்மிடம் பேசவில்லை, தன்னிடம்தான் பேசுகிறார்.

பல பிரபஞ்சங்கள் வந்தாலே மீபுனைவு என்றும் இப்போது சொல்லப்படுகிறது. மூன்று ஸ்பைடர்மேன்கள் சந்தித்துக்கொண்டால் அது ஒரு கற்பனை உலகின் பூகோளம். மூன்றும் வேறு வேறு ஆட்கள் எழுதிய கதைகள் என்ற உணர்வு கதைக்குள் வேலை செய்தால் மட்டுமே அது மீபுனைவாகும். அதேபோல, வேறு கதையைப் பற்றிய குறும்பு வரி வெறும் குறிப்பு மட்டுமே.

இன்னொரு பரவலான எண்ணம், சுவரை உடைத்தால் வாசகரின் ஈடுபாடு கலைந்துவிடும் என்பது. அனிமல் மேன் இதற்கு நேர் எதிர்ச் சான்று. படி வெறும் காகிதம் என்று தெரிந்த பிறகுதான் அவருக்காக நாம் அதிகம் வருந்துகிறோம். 2015இல் மாரிசன் எழுதி டக் மான்கி வரைந்த அல்ட்ரா காமிக்ஸ், இந்த இதழைப் படிக்காதீர்கள் என்று நாயகனே நம்மை எச்சரிப்பதோடு தொடங்குகிறது. நாம் புரட்டுகிறோம். புரட்டப் புரட்ட அவன் பொறிக்குள் இன்னும் ஆழமாகப் போகிறான். ஈடுபாடு கலையவில்லை. குற்ற உணர்ச்சி சேர்ந்துகொள்கிறது.

## எங்கிருந்து படிக்கத் தொடங்குவது

அனிமல் மேன் 5ஆம் இதழுக்கு எந்த முன்கதையும் வேண்டாம். அது பிடித்தால் முதல் இதழிலிருந்து 26 வரை போகலாம். நேராக 26க்குத் தாவினால், இழந்த குடும்பத்தை அறியாமலேயே அது திரும்பி வருவதைப் பார்க்க நேரும். ஷீ-ஹல்க்கின் 1989 தொடரில் பைர்னின் இதழ்களை எந்த வரிசையிலும் எடுக்கலாம்.

மூன்றாவதாக நான் பரிந்துரைப்பது, கிறிஸ்டோபர் ஹேஸ்டிங்ஸ் எழுதிய க்வென்பூல். 2016 முதல் 2018 வரை 25 இதழ்கள் வந்தன. குரிஹிரு என்ற ஜப்பானிய ஓவியர் இணை பெரும்பாலானவற்றை வரைந்தது. க்வென் பூல் நம் உலகத்து வாசகி, மார்வெல் உலகத்துக்குள் வந்து விழுந்தவள். இங்கே யாரும் நிஜமில்லை என்ற நினைப்பில் பெயரற்ற துணைப்பாத்திரங்களைத் தயங்காமல் கொல்கிறாள். போகப்போகக் கட்டங்களின் விளிம்பைப் பிடித்து ஏறவும், வெள்ளை இடைவெளிக்குள் இறங்கி வேறு கட்டத்தில் வெளிவரவும் கற்கிறாள். தொடர் நிறுத்தப்படுவதையே இறுதி இதழ்கள் கதையாக்குகின்றன: பக்கங்கள் முடிந்தால் அவளும் முடிந்தாள். க்வென்பூலை மட்டும் தொடக்கத்திலிருந்து வரிசையாகப் படியுங்கள். ஆரம்பத்தில் அவள் அலட்சியமாகக் கொன்றவர்களுக்கும் பெயரும் வாழ்க்கையும் இருந்திருக்கும் என்பதை அவளோடு சேர்ந்து நாமும் மெதுவாகத்தான் உணர்கிறோம்.